செஞ்சி ராஜகிரி: குழாய் வேலைக்காரன் கண்ணில் ஒரு கோட்டை

விழுப்புரத்துக்குக் குடிவந்து 30 வருஷம் ஆகிறது. இங்கிருந்து செஞ்சிக்கு 40 கிலோமீட்டர்தான். வேலை விஷயமாகத் திருவண்ணாமலை ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்த ரோடு கோட்டை மதிலுக்கு நடுவிலேயே போகிறது. ஒவ்வொரு தடவையும் பஸ் ஜன்னல் வழியாக மலையை அண்ணாந்து பார்ப்பேன், அவ்வளவுதான். இறங்கி ஏறியதில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சம் ஒன்று நம் செஞ்சி. புதுச்சேரியில் சிவில் இரண்டாம் வருஷம் படிக்கிற என் மகள் அன்றைக்கே பிடித்துக்கொண்டாள். "உலகமே வந்து பாக்கப் போகுது, நாம இன்னும் பாக்கலையேப்பா." வெயில் காலம் போகட்டும், மழையும் ஓயட்டும் என்று தள்ளிப்போட்டு, ஜனவரியில் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சிக் கோட்டையின் மலைகளில் ஒன்றான ராஜகிரி ஒரு முழு நாளுக்குத் தகுதியானது. ஆனால் உச்சிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு இறங்குவதற்காக மட்டும் போகாதீர்கள். அந்த மலையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எப்படி மேலே போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஏறுங்கள். நான் வீடுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறவன். என் கண் அங்கேதான் போனது. அது போகவேண்டிய இடமும் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

காலை முதல் பஸ்ஸில் ஏறி, செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து கோட்டைக்கு 2 கிலோமீட்டர் போல இருக்கும். ஒரு ஆட்டோக்காரர் நாங்கள் வெளியூர் என்று நினைத்து நியாயமில்லாத காசு கேட்டார். நடந்தே போய்விட்டோம். காலை வெயிலில் அந்த நடை நல்லதாகவே போயிற்று, காலும் சூடேறியது. டிக்கெட் நாங்கள் போனபோது தலைக்கு 25 ரூபாய். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் அதுதான் சீட்டு. கவுண்டர் திறந்ததும் உள்ளே போய்விடுவது நல்லது. மதியத்துக்கு மேல் போனால் ராஜகிரி உச்சிக்கு ஏற விடமாட்டார்கள், இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமே.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டராவது கொண்டுபோங்கள். மேலே கடை கிடையாது. தின்பண்டத்தைக் கையில் தெரியும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். மகள் கொய்யாப்பழத்தை ஒரு பாலித்தீன் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். முதல் வாசல் தாண்டுவதற்குள் ஒரு பெரிய கடுவன் குரங்கு வந்து பையோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவள் கையில் கீறல் படவில்லை, அதுவரைக்கும் சரி. பழம், பிஸ்கட் எல்லாம் ஜிப் போட்ட பைக்குள் இருக்கட்டும்.

உள்ளே போனதும் கண்ணை இழுப்பது கல்யாண மகால். சதுரமான முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாக அறைகள், அதை ஒட்டி அடுக்கு அடுக்காக எழும்பி உச்சியில் கூம்பாக முடிகிற கோபுரம். ஒவ்வொரு அடுக்கிலும் சின்னதாக ஒரு அறை, அதைச் சுற்றித் தாழ்வாரம். எல்லோரும் அந்த வளைவுகளுக்குள் நின்று படம் எடுக்கிறார்கள். நல்ல இடம்தான், எடுக்கட்டும். ஆனால் அந்தக் கோபுரத்தின் பெரிய விஷயம் வெளியே தெரியாது. சுமார் 500 மீட்டர் தள்ளியிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக இந்த மகாலுக்குத் தண்ணீர் கொண்டுவந்து, மேல்மாடிவரை ஏற்றியிருக்கிறார்கள்.

இதை மகளிடம் சொன்னபோது, "மோட்டார் இல்லாம எப்படிப்பா?" என்று கேட்டாள். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து விளக்கினேன். கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும் இல்லையா, அதே கணக்குதான். குழாய் நடுவில் எவ்வளவு பள்ளத்தில் இறங்கினாலும் சரி, தண்ணீர் புறப்படும் இடம், வந்து விழும் இடத்தைவிட உயரமாக இருந்துவிட்டால் போதும். ஆகவே அந்த நீர்த்தேக்கத்தின் மட்டம் கோபுரத்தின் மேல்மாடியைவிட உயரமாக இருந்திருக்க வேண்டும். சுற்றிலும் மலைச்சரிவு இருக்கிற ஊரில் அப்படி ஒரு இடத்தைத் தேடிப் பிடிப்பது முடியாத காரியமில்லை. ஆனால் இன்றைய கருவி எதுவும் இல்லாமல் அரை கிலோமீட்டருக்கு மட்டம் பார்த்து வந்திருக்கிறார்களே, அதுதான் வேலை.

அதைவிடக் கஷ்டம் அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் வரும். ஐந்தாறு மாடி உயரம் என்றால் அடியில் இருக்கும் குழாய்க்கு ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. இன்றைக்கு எங்களுக்குச் சுலபம். பிவிசி பைப்பில் சொல்யூஷன் தடவிச் செருகிக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முடிந்தது. அப்படியும் ஜாயிண்டில் கசியாத வேலை உண்டா? சுடுமண்ணோ உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்காத பொருள். மேலே பாரம் வைத்தால் நிற்கும், உள்ளே அழுத்தினால் பிளந்துவிடும். நாலு பக்கமும் யாராவது இறுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் தாங்கும். அந்த வேலையைச் சுவரே செய்திருக்கும் என்பது என் கணக்கு. சுண்ணாம்புச் சாந்துக்குள் குழாயைப் பதித்துச் சுவரோடு சுவராக்கிவிட்டால், குழாய் விரிய இடமே கிடையாது.

மகள் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க ஹைட்ராலிக்ஸ் கிளாஸ்ல இதை ஒரு நாள்கூடச் சொல்லலையேப்பா" என்றாள். எனக்கும் அது வருத்தம்தான். இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒன்று இருக்கும்போது, ஒரு பஸ் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டலாம்.

கீழே இன்னும் நிறைய இருக்கிறது. தானியக் களஞ்சியம், வரிசையாக வளைவு வைத்த லாயம், யானைக்குளம், உடற்பயிற்சிக் கூடம். களஞ்சியத்துக்குள் ஒரு தடவை போய்வாருங்கள், வெளியே வெயில் ஏறியிருந்தாலும் அங்கே சில்லென்று இருக்கும். சுவர் அவ்வளவு பருமன். அரண்மனை இருந்த இடத்தில் அஸ்திவாரமும் பெரிய வழவழப்பான ஒரு கல் மேடையும்தான் மிச்சம். இவற்றுக்கு ஒரு மணி நேரம் போதும்.

அப்புறம் ஏற்றம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் ஆயிரத்துக்கும் மேல். எண்ணிக்கை பயமுறுத்தாது, படியின் உயரம்தான் பயமுறுத்தும். வீட்டுப் படி அரை அடி என்றால் இங்கே சில இடங்களில் அதில் இரண்டு மடங்கு. எனக்கு 54 வயது, இடது முட்டியில் வலி உண்டு. பத்து இருபது படிக்கு ஒரு தடவை நின்று, சாய்ந்தாற்போல் ஏறினேன். உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கல்லூரிப் பையன்கள் முக்கால் மணியில் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். காலுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், வழவழத்த கல்லில் இறங்கும்போது வழுக்கும்.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்கிறது. அதுவரை வந்தவர்கள் பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது, தப்பில்லை. நாங்களும் கும்பிட்டுவிட்டு அரை பாட்டில் தண்ணீர் குடித்தோம்.

அதற்கு மேல் வாசலுக்குப் பின் வாசலாக வருகிறது. எந்த வாசலும் நேராக இல்லை. உள்ளே நுழைந்ததும் பாதை சட்டென்று திரும்பும், எதிரே சுவர் நிற்கும், தலைக்கு மேலே நின்று அடிக்க இடம் இருக்கும். ஓடிவருகிற கூட்டம் அங்கே வேகம் இழந்து முட்டி நிற்கத்தான் வேண்டும். ஒரு வாசலில் கதவுக் குடுமி நின்ற குழியைக் குனிந்து பார்த்தேன். கருங்கல்லில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். உள்ளே விரலை விட்டால் கண்ணாடி போல வழவழ என்று இருக்கிறது. உளியால் அப்படி வராது. எத்தனையோ வருஷம் கதவு திரும்பித் திரும்பிக் கல்லே தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்மானம் கூடுதலாக இருந்தது. கதவு அந்தப் பக்கம் சாய்ந்து பாரம் தாங்கியிருக்கும். மகளையும் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வேறு வழி கிடையாது, மற்ற எல்லாப் பக்கமும் செங்குத்துப் பாறை. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தபோது என் உள்ளங்கால் கூசியது. அங்கே நின்றதும்தான் இந்தக் கோட்டையின் கதை எனக்குப் புரிந்தது.

ஆனந்தக் கோன் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே முதலில் கோட்டை கட்டினான் என்று சொல்வார்கள். அதை இவ்வளவு பெரிதாக்கியது விஜயநகரத்தின் கீழ் ஆண்ட நாயக்கர்கள். 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-இல் சிவாஜி பிடித்து மதில்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி இங்கே வந்து தங்கியபோது, 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டான். கோட்டை விழுந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் வேலூர்ப் பக்கம் தப்பிப் போய்விட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் சேர்த்து வளைக்கிற மதில் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் சுற்றளவு. அதை முழுதாக வளைத்து அடைக்க ஒரு பேரரசின் படைக்கே ஆள் போதவில்லை. இதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காவல் காக்க ஆள் இல்லாவிட்டால் மதில் தானாக எதுவும் செய்யாது. 1761-இல் ஆங்கிலேயர் வசம் போயிற்று.

எட்டு வருஷ முற்றுகை என்றதும் எனக்கு வந்த முதல் கேள்வி, குடிக்க என்ன செய்தார்கள் என்பதுதான். அரிசியை மூட்டை மூட்டையாக அடுக்கிவைக்கலாம். மலை உச்சியில் தண்ணீர் இல்லாவிட்டால் பத்து நாள் தாங்காது. விடை பாறையிலேயே இருக்கிறது. உச்சிக்குக் கிட்டே ஊற்றுநீர் இருக்கிறது, அதோடு உச்சிக் கட்டடங்களுக்குக் கீழே மழைநீர் பிடித்துவைக்க மூன்று தொட்டிகள். ஒரு தொட்டியின் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர், குடிக்க லாயக்கில்லை. தண்ணீருக்கு ஒரு முழம் மேலே பாறையில் பாசிக்கோடு ஒன்று, அதற்கு மேலே மங்கலாக இன்னொன்று. எங்கள் வேலையில் ஒரு பழைய டேங்கைத் திறந்தால் இந்தப் பாசிக்கோடுகளைத்தான் முதலில் பார்ப்போம். தண்ணீர் எதுவரை நிறைகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்று அது சொல்லிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒரு மாதம் ஆகியும் ஒரு முழம்தான் இறங்கியிருந்தது. விரிசல் விடாத பாறை.

அந்தப் பாசிக்கோட்டுக்குப் பக்கத்தில் காலி பாட்டில்கள் மிதந்தன. கையெட்டிய மூன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டோம். உச்சியில் சுவர்களில் ஆணியால் கீறிய பெயர்கள், இதய வடிவங்கள். சுண்ணாம்புப் பூச்சு ஒரு தடவை உரிந்தால் அதன் வழியே மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், அப்புறம் செங்கல் உப்பும், பிறகு சுவர் உதிரும். வீட்டுச் சுவரில் பிள்ளை கிறுக்கினால் வெள்ளையடித்து மறைத்துவிடலாம், இங்கே அது முடியாது. தயவுசெய்து உங்களோடு வரும் இளவட்டங்களைத் தடுத்துச் சொல்லுங்கள்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. மணிக்கூண்டுப் பக்கம் நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே வயல் எல்லாம் பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாக, நடுநடுவே ஏரிகள் பளபளக்க, நாங்கள் வந்த ரோடு கயிறு மாதிரி கிடந்தது. அங்கே அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

இறக்கம் ஏற்றத்தைவிட முட்டிக்குக் கெடுதல். ஒரு கம்பு இருந்தால் நல்லது, எனக்கு மகளின் தோள் இருந்தது. கீழே வர மணி ஒன்று தாண்டிவிட்டது. செஞ்சி டவுனுக்குப் போய் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம், கத்திரிக்காய் காரக்குழம்பு நன்றாக இருந்தது.

சாப்பிட்ட பிறகு கிருஷ்ணகிரி ஏறலாம் என்று திட்டம். என் முட்டி பாதியில் நிறுத்திவிட்டது, மகள் மட்டும் போய்வந்தாள். ராஜகிரியைவிட உயரம் குறைவு, படி செங்குத்து. மேலே எண்ணெயும் நெய்யும் ஊற்றிவைத்த தொட்டிக் கிணறுகள், களஞ்சியங்கள், கும்மட்டம் போட்ட தர்பார் மண்டபம் எல்லாம் இருக்கின்றன என்றும், அந்த மண்டபத்து ஜன்னலில் உட்கார்ந்தால் ராஜகிரி முழுதாகத் தெரிகிறது என்றும் வந்து சொன்னாள். முட்டி நன்றாக இருப்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். முடியாதவர்கள் ராஜகிரி ஒன்றே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச நேரத்துக்குக் கீழ்க்கோட்டையில் நடந்தோம். செட்டிகுளத்தின் கரையில்தான் தேசிங்கு ராஜாவை எரியூட்டினார்கள் என்று சொல்வார்கள். என் சின்ன வயசில் எங்கள் ஊர்த் தெருக்கூத்தில் விடிய விடிய அவன் கதை நடக்கும். பாராசாரிக் குதிரையில் அவன் ஏறுகிற இடத்தில் என் பாட்டி எழுந்து நின்றுவிடுவாள், அவன் சாகிற இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி 1714-இல் அவன் விழுந்தபோது வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். இந்தக் குளக்கரைக்குப் பாட்டியை ஒரு தடவை கூட்டிவந்திருக்கலாம். நாற்பது கிலோமீட்டர்தானே.

கடைசியாக வெங்கடரமணர் கோயில். கோபுரம் உயரமாக நிற்கிறது, உள்ளே மண்டபங்களில் ஆள் நடமாட்டமே இல்லை. இங்கிருந்த அழகான தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். மகள் வாரத்துக்கு இரண்டு நாள் தோழிகளோடு அந்தத் தூண்களுக்குக் கீழே உட்கார்ந்து சுண்டல் தின்கிறவள். இதைச் சொன்னதும் "நிஜமாவாப்பா?" என்று கேட்டுவிட்டு, மண்டபத்தில் மிச்சம் நிற்கும் தூண் ஒன்றின் பக்கத்தில் போய், அதன் செதுக்கலை அடியிலிருந்து மேல்வரை போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஒரு வீட்டில் சின்டெக்ஸ் டேங்க் மாற்றிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்று செஞ்சியில் எடுத்தது, இன்னொன்று அன்றைக்குக் கடற்கரையில் எடுத்தது. கீழே, "அப்பா, உளி வேலையைப் பாருங்க" என்று எழுதியிருந்தாள்.